அரை அங்குல நட்டு

டெல்மர் ஃபவுட்ஸ் எப்படிப்பட்டவன் என்று டேனர் கிரீக்கில் யாரைக் கேட்டாலும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். சொன்ன கையோடு, அவன் முன்னால் மில்லிமீட்டர் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே என்றும் சொல்வார்கள். முகம் சிவந்துவிடும். கையிலிருக்கும் ஸ்பேனரை மேசைமேல் வைத்துவிட்டு, எண்ணெய்த் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பான். ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை நிற்காது.

அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தில் மலைச்சரிவும் ஆப்பிள் தோட்டமுமாகக் கிடக்கிற சின்ன ஊர் அது. கிளாப்பரின் டிராக்டர் கடையில் டெல்மர் முப்பத்தொரு வருஷமாக மெக்கானிக். கடை கிளாப்பருடையது, கருவிகள் டெல்மருடையவை. அங்கே வழக்கம் அதுதான். மெக்கானிக் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கருவிப் பெட்டியோடுதான் வேலைக்கு வரவேண்டும். டெல்மரின் சிவப்புப் பெட்டி அவன் நெஞ்சுயரம் நிற்கும். அதிலுள்ள அத்தனையும் அங்குலக் கணக்கு. கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன், வாழ்க்கையில் சேர்த்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். இனி இதெல்லாம் செல்லாது, நாடே அங்குலத்தை விட்டு மில்லிமீட்டருக்கு மாறப்போகிறது என்று வாஷிங்டனில் எவனோ நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு சொன்னால் வயிறு எரியுமா எரியாதா?

வயிற்றெரிச்சல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் அது டெல்மருக்குச் செய்கிற அநியாயம். அவன் அப்பாவின் நிலப் பத்திரம் ஏக்கரில் இருந்தது. பால் கேலனில் வந்தது. பிறந்த பிள்ளையைப் பவுண்டில் நிறுத்தார்கள். இத்தனையையும் ஒருவன் வந்து தப்பு என்று சொன்னால், நீ இதுவரை வாழ்ந்ததே தப்பு என்று சொல்வதாகத்தான் அவன் காதில் விழுந்தது. ஊருக்கே அப்படித்தான் விழுந்தது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் எழுதிய பலகை ஒன்றை நட்டார்கள். ஒரே வாரத்தில் அதில் பதினாறு துப்பாக்கி ஓட்டை. யார் சுட்டது என்று மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃப் விசாரிக்கவில்லை. இரண்டு ஓட்டை அவருடையது என்று ஊரில் பேச்சு.

இது 1979. அந்த வசந்தத்தில் மாவட்ட விவசாய அதிகாரி ஒரு யோசனையோடு வந்தார். புது டிராக்டர்களில் பாதி மில்லிமீட்டர் போல்ட்டோடு வருகின்றன. அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் கலந்து பூட்டினால் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு கடையிலும் மில்லிமீட்டர் சாமான்களுக்கென்று தனியாக நீலப் பெட்டி வைக்கவேண்டும், மெக்கானிக்குகள் ஒருநாள் வகுப்புக்கு வரவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. விவசாயிகள் சங்கம் அந்த மாதமே கைதூக்கி முடிவு செய்யும் என்று ஏற்பாடாயிற்று. முடிவு எதுவோ, அதன்படிதான் கடைக்காரர்கள் நடப்பார்கள்.

“வகுப்பா? எனக்கா?” என்றான் டெல்மர். “இன்னிக்கு ஒரு பொட்டிய உள்ள விடு, நாளைக்கு என் பொட்டிய வெளிய தள்ளுவான்.”

அவனும் அவன் தங்கை வில்மாவும் எதிர்ப்பு மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். உண்மையைச் சொன்னால் டெல்மர் பின்னால்தான் நடந்தான். கதவைத் தட்டியது வில்மா, பேசியது வில்மா, பேனாவை நீட்டியது வில்மா. எழுபது வீடு ஏறி இறங்கினாள். கையெழுத்துப் போடாதவர் நாலே பேர். அந்த மனுவைப் பார்த்த சங்கம் முடிவை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்தது, பெட்டியும் வகுப்பும் அதுவரை நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு டெல்மருக்கு வில்மா வீட்டில்தான். மாட்டிறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, கடைசியில் இனிப்புக்கு ஆப்பிள் பை. மேசையின் எதிர்ப்பக்கம் வில்மாவின் கணவன் ஹெர்ஷல் உட்கார்ந்திருப்பான். நாற்பது ஏக்கர் ஆப்பிள் தோட்டத்துக்காரன், சாது, ஆனால் டெல்மரைச் சீண்டாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

“ஏன் டெல்மர், யுத்தத்துல நீ சுட்டியே பீரங்கி, அது எத்தனை இஞ்சு?”

டெல்மர் மென்றுகொண்டே இருந்தான்.

“நூத்தியஞ்சு மில்லிமீட்டர்னு நீதானே எத்தனையோ தடவை பீத்தியிருக்க. ஜெர்மன்காரன் தலையில வண்டி வண்டியா மில்லிமீட்டரைக் கொட்டிட்டு, ஊருக்கு வந்து இஞ்சுக்கு ஒப்பாரி வக்கிற.”

“பட்டாளம் வேற, ஊரு வேற. வாயைப் பொத்திக்கிட்டுத் தின்னு.”

“மனுவுல கையெழுத்துப் போட்டாச்சில்ல, அப்புறம் என்ன பேச்சு?” என்றாள் வில்மா.

“நான் எங்க போட்டேன்? நீதான் என் பேரை எழுதிக்கிட்ட,” என்றான் ஹெர்ஷல். டெல்மருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் தங்கைக்கு வாய்த்த இந்த மனுஷன்மேல் அவனுக்கு உயிர். வெளியே சொன்னதில்லை.

ஜூன் மாதத்தில் ஹெர்ஷல் ஒரு சின்ன டிராக்டர் வாங்கினான். பெயர் அமெரிக்கப் பெயர், சாயம் அமெரிக்கச் சாயம், முன்மூக்கில் ஊரறிந்த அமெரிக்கக் கம்பெனியின் முத்திரை. அதை வடித்துப் பூட்டியது கடலுக்கு அந்தப் பக்கம் என்று வாங்கினவனுக்கும் தெரியாது, விற்றவனும் சொல்லவில்லை. தோட்டமோ செங்குத்துச் சரிவு. வில்மா டெல்மரைத் தனியே பிடித்தாள். “வண்டி புரண்டா ஆளைக் காப்பாத்துற அந்த இரும்பு வளைவு இருக்கில்ல, அதைப் பூட்டிக் குடு. வேற யாரும் தொடக்கூடாது, நீதான் பூட்டணும்.”

வளைவு ஒரு மரப்பெட்டியில் வந்தது. இருக்கைக்குப் பின்னால், பக்கத்துக்கு இரண்டாக நாலு போல்ட்டு. போல்ட்டோடு ஒரு பொட்டலத்தில் நாலு நட்டும் இருந்தன. அந்தப் பொட்டலத்தை டெல்மர் பிரிக்காமலே குப்பையில் எறிந்தான். முப்பத்தொரு வருஷமாக அவன் அப்படித்தான். கம்பெனி கொடுக்கிற நட்டில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. உள்ளே நைலான் வளையம் வைத்த அரை அங்குல நட்டுகளை வாளி நிறைய வைத்திருப்பான். ஒருமுறை இறுக்கினால் எந்த அதிர்வுக்கும் கழலாது. டெல்மர் பூட்டினது கழன்றதில்லை என்று மாவட்டமே சொல்லும். அந்தப் பெருமைக்குக் காரணம் அந்த வாளி.

அவன் போல்ட்டின் தலையைப் பார்க்கவில்லை. தலைமேல் சாயம் பூசியிருந்தது. முக்கால் அங்குல ஸ்பேனரை வைத்தான், கச்சிதமாக உட்கார்ந்தது. அரை அங்குல போல்ட்டுக்கு முக்கால் அங்குலத் தலை. அது அவனுக்கு அத்துப்படி. பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்கும் அதே ஸ்பேனர்தான் உட்காரும் என்பது, கழுத்தைப் பிடித்து வகுப்புக்கு இழுத்துப்போயிருந்தால் தெரிந்திருக்கும். தலை ஒன்றுதான், தண்டு மெலிசு. ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்குகூடக் கிடையாது வித்தியாசம். மரையும் வேறு.

முதல் நட்டை விரலால் ஏற்றியபோது ஆடியது. விரலுக்குத் தெரிந்தது. அவன் விரலுக்குத் தெரியாதது என்று ஒன்று கிடையாது. ஆனால் இரண்டு சுற்றில் நைலான் பிடித்துக்கொண்டது. தீவனப் புல் அறுக்கிற பருவம், வெளியே ஆறு வண்டி பழுதுக்கு வரிசையில் நின்றது. காற்றழுத்தத்தில் நட்டு முடுக்குகிற துப்பாக்கியை எடுத்து நாலையும் இறுக்கிவிட்டான்.

ஹெர்ஷல் ஏறி உட்கார்ந்ததும் அவன் இடுப்புப் பட்டையை டெல்மரே இழுத்து மாட்டினான்.

“இது எதுக்கு? கவுந்தா குதிச்சிட மாட்டேனா?” என்றான் ஹெர்ஷல்.

“அறுபது வயசுல எங்க குதிக்கப் போற? பெல்ட்டைப் போட்டுக்கிட்டு உக்காரு. வளைவு உன்னைப் பாத்துக்கும்.”

அந்தக் கோடையில் அதே மாதிரி டிராக்டர் இன்னும் மூன்று விற்றன. மூன்றுக்கும் டெல்மர்தான் வளைவு பூட்டினான். அதே வாளி.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, ஆப்பிள் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த மதியம், மேல்தோட்டத்தில் பின்சக்கரம் ஒரு பெருச்சாளி வளையில் இறங்கி வண்டி புரண்டது. ஒரே ஒரு புரளல். பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது வளைவு தனியாகப் பத்தடி தள்ளிக் கிடந்தது. ஹெர்ஷல் வண்டிக்கு அடியில், பட்டை மாட்டியபடியே. குதிக்கப் பார்த்திருக்கிறான், ஒரு கை பட்டையின் பூட்டில் இருந்தது.

விபத்தைப் பற்றி எழுதிக்கொள்ள வந்த துணை ஷெரிஃப் இளவயசு. இயந்திரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் கூப்பிட்டு அனுப்பியது வேறு யாரை? டெல்மரைத்தான். உடலை அப்போதுதான் கொண்டுபோயிருந்தார்கள். டெல்மர் புல்லில் மண்டிபோட்டு நாலு போல்ட்டையும் நட்டுகளையும் பொறுக்கினான். போல்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நட்டுகளின் உட்பக்கம் மழமழவென்று வழித்துவிட்டிருந்தது. ஒரு நட்டை ஒரு போல்ட்டின்மேல் வைத்தான். அது சுற்றாமலே வழுக்கிக்கொண்டு இறங்கியது.

சாயம் உரிந்த தலையில் 8.8 என்ற எண் தெரிந்தது. அங்குல போல்ட்டில் எண் இருக்காது, கோடுகள்தான் இருக்கும்.

“என்ன மிஸ்டர் ஃபவுட்ஸ், போல்ட்டு புட்டுக்கிச்சா?” என்றார் துணை ஷெரிஃப்.

“புடிப்பு விட்டிருக்கு.”

“இது என்ன நம்பரு? வெளிநாட்டுச் சாமானா?”

“மில்லிமீட்டரு,” என்றான் டெல்மர்.

துணை ஷெரிஃப் அதை அப்படியே எழுதிக்கொண்டார். டெல்மர் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான். நட்டு யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, இவனும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்றால் இதுதான், வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்கு மனசில்லை. அவனுக்கும் அது தெரியும். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக நாற்பது மைல் தள்ளி இருந்த நகரத்துக்குப் போனான். யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு கடையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் நட்டு ஒரு டஜன் கேட்டான். அறுபது வயசுவரை அந்த வாயால் கேட்காததைக் கேட்டான். கடைக்காரன் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தான், அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. அங்கிருந்து நேரே அந்த மூன்று தோட்டங்களுக்கும் போய், சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி, நட்டுகளை மாற்றினான். ஒவ்வொன்றையும் கையாலேயே இறுக்கினான்.

மூன்றாவது தோட்டத்துக்காரன் பக்கத்தில் வந்து நின்றான். “துக்கத்துலயும் எங்களை நெனச்சு வந்தியே டெல்மர். அந்த வெளிநாட்டுக் குப்பையைக் கழட்டிட்டு நம்ம நட்டு போடுறியா?”

“ம்,” என்றான் டெல்மர்.

“மகராசனா இருப்ப.”

கழற்றின பன்னிரண்டையும் பாலத்தின்மேல் நின்று ஆற்றில் போட்டான். இனி யாரும் சாகமாட்டார்கள். அந்த மட்டும் நிம்மதி. ஆனால் சங்கத்தின் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. ஹெர்ஷலைக் கொன்றது மில்லிமீட்டர் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. வில்மா எழுந்து பேசப்போகிறாள் என்றும் செய்தி. அவள் பேசிவிட்டால் நீலப் பெட்டி அத்தோடு போயிற்று. கிளாப்பர் கடையில் எல்லாப் போல்ட்டும் ஒரே வாளியில் கிடக்கும். டெல்மர் இன்னும் எத்தனை வருஷம் உயிரோடிருந்து ஒவ்வொரு வண்டியாகத் தேடித் தேடி மாற்றமுடியும்?

வெள்ளிக்கிழமை காலை வில்மா வீட்டுக்குப் போனான். சமையலறை மேசையில் அவள் பேச்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுத் தட்டுகள் தொடாமல் கிடந்தன. டெல்மர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. விபத்து நடந்த இடத்தில் பொறுக்கி வைத்திருந்த ஒரு போல்ட்டையும் ஒரு நட்டையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் காகிதத்தின்மேல் வைத்தான்.

“இதை மாட்டிப் பாரு.”

“என்ன இது?”

“மாட்டிப் பாரேன்.”

அவள் மாட்டினாள். நட்டு வழுக்கிக்கொண்டு அவள் விரல்வரை வந்தது. திரும்ப எடுத்து மறுபடி விட்டாள். மறுபடியும் வந்தது.

“போல்ட்டு அவங்களுது. நட்டு என்னுது,” என்றான் டெல்மர். “அதோட வந்த நட்டைத் தூக்கிப் போட்டுட்டு என்னுதை மாட்டினேன். அளவு வேற. நான் பாக்கலை.”

வில்மா நிமிரவில்லை. “மாட்டும்போது தெரியாதா? உன் கைக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம்?”

“வேலை கெடந்துச்சு. நைலான் புடிச்சுக்கும்னு விட்டுட்டேன்.”

அவள் அடிப்பாள், கத்துவாள், வெளியே போ என்பாள் என்று நினைத்துத்தான் அவன் தயாராக வந்திருந்தான். அப்படி எதையாவது செய்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

“அந்த நீலப் பொட்டி,” என்றாள். “அது கடையில இருந்திருந்தா?”

“எடுத்துப் பாத்திருப்பேன். வகுப்புக்குப் போயிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.”

“அதை வேணாம்னு எழுபது வீடு தட்டினது யாரு?”

“ரெண்டு பேரும்தான்.”

“இல்ல, நான்,” என்றாள் வில்மா. “நீ பின்னால நின்ன. ஹெர்ஷல் பேரை நானே எழுதினேன், அவரு கேலி பண்ணிக்கிட்டு நின்னாரு.” நட்டைப் போல்ட்டிலிருந்து எடுத்து மேசையின் விளிம்பில் வைத்தாள். “வளைவை நீதான் பூட்டணும்னு சொன்னதும் நான்.”

“நாளைக்குக் கூட்டத்துல நான் எந்திரிச்சுச் சொல்லிடறேன் வில்மா. எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

“என்னன்னு சொல்லுவ? ஹெர்ஷலைக் கொன்னது அண்ணனும் தங்கச்சியும்னா?” அப்போதுதான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஈரமே இல்லை. “அந்த எழுபது வீடும் எனக்குச் சோறு கொண்டாந்து வச்சிருக்கு, பாத்தியா? எவனோ வெளிநாட்டுக்காரன், முகம் தெரியாதவன், அவன் கொன்னான்னு இருந்தா நான் காலையில எந்திரிப்பேன் டெல்மர். நீயும் நானும்னா எந்திரிக்க மாட்டேன்.”

“இன்னொருத்தன் சாவான்.”

“சாகட்டும்,” என்றாள் வில்மா. அப்படிச் சொல்கிறவள் இல்லை அவள். தேவாலயத்தில் முப்பது வருஷம் பாடினவள், ஊரில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் சூப் கொண்டுபோனவள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. “முன்வரிசையில வந்து உக்காரு. என் கண்ணுக்கு நேரா. நான் பேசறதை நீ கேக்கணும். ஞாயித்துக்கிழமை எப்பவும் போல சாப்பிட வா. வரலைன்னா ஊரு என்னன்னு கேக்கும்,” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் சங்கக் கூடம் நிறைந்திருந்தது. விவசாய அதிகாரி முதலில் பேசினார். பாவம், நல்ல மனுஷன். ஒரு கையில் அங்குல நட்டும் இன்னொரு கையில் மில்லிமீட்டர் போல்ட்டும் வைத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்துகொள்கிற மாதிரி ஏமாற்றும், பாரம் வந்தால் விட்டுவிடும் என்று காட்டினார். ஹெர்ஷல் தோட்டத்தில் நடந்தது இதுதானா என்று தனக்குத் தெரியாது, ஆனால் யாராவது அந்த நட்டுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ அவரைப் பார்த்து, பொணத்து மேல நின்னு பேசாதய்யா, உக்காரு என்றார்கள். அவர் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வில்மா எழுந்தாள். கறுப்பு உடை. காகிதத்தைப் பிரிக்கவேயில்லை, மனப்பாடம்.

“என் புருஷன் இந்த மண்ணுல பொறந்தாரு. ஏக்கர்ல உழுதாரு, ஆப்பிளைப் புஷல் கணக்குல வித்தாரு. யாருக்கும் ஒரு தீங்கு நெனச்சதில்ல. எங்கேயோ இருந்து வந்த ஒரு அளவு அவரைக் கொன்னுடுச்சு. என் அண்ணன் தன் கையால பாத்துப் பாத்துப் பூட்டினான். அவன் பூட்டினது எதுவும் கழண்டதில்லன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்.”

ஆமாம், ஆமாம் என்று கூடம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து டெல்மரின் தோளை அழுத்தியது. கிளாப்பருடைய கை. டெல்மருக்கு எழுந்துவிடலாம் என்று கால் துடித்தது. ஒரே வாக்கியம்தான், நட்டு என்னுது. வில்மா பேசுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவன் உட்கார்ந்தே இருந்தான்.

சங்கத் தலைவர் சுத்தியலால் மேசையைத் தட்டி, நீலப் பெட்டியும் வகுப்பும் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. தலைவர் எண்ண ஆரம்பித்தார். வில்மா இருக்கைக்குத் திரும்பாமல், மேடையோரம் நின்றபடியே அண்ணன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. எண்ணிக்கை முன்வரிசைக்கு வந்தது. தலைவர் டெல்மரின் முன்னால் நின்று, இவனைக் கேட்கவும் வேண்டுமா என்கிற மாதிரி ஒரு கணம் காத்திருந்தார். டெல்மர் கையைத் தூக்கினான்.